கோளாறு எங்கே இருக்கிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு என்பதால் வெறுங்கையோடு வரவில்லை. மேசைமேல் இருப்பது ஒரு மாதிரி ரயில். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், இனிமேல் தன்னால் பராமரிக்க முடியாது என்று பள்ளிக்குக் கொடுத்தது. உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பள்ளியில் எட்டடிக்கு நாலடிப் பலகையில் ஓடுகிறது. இன்று ஒரு வளையத்தை மட்டும் கழற்றி எடுத்து வந்திருக்கிறேன்.

திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மை ரயிலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரண மின் ரயிலில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் பின்னோக்கிப் போகும். இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். இங்கே அப்படியல்ல. தண்டவாளத்தில் எப்போதும் ஏறக்குறைய 15 வோல்ட் இருக்கிறது. அதன் திசை மட்டும் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது 1. 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 0. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு பலகை இதைப் படிக்கிறது. முதலில் எந்த எஞ்சினுக்கு என்ற எண், அடுத்து கட்டளை, கடைசியில் சரிபார்க்கும் எண். கணக்கு ஒத்துவராவிட்டால் டீகோடர் அந்தச் செய்தியைப் பொருட்படுத்தாது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. இரும எண்ணுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் கையில் கிடைத்ததில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது இது ஓடாமல் நிற்கும் நேரத்தைப் பற்றி.

வண்டி நின்றதும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவன் எஞ்சினைத் தட்டுகிறான். ஒருவன் வயரை ஆட்டுகிறான். இன்னொருவன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுகிறான். எப்படியோ ஓடிவிடுகிறது. எதனால் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

நான் அவர்களிடம் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். எல்லா எஞ்சினும் நின்றதா, ஒன்று மட்டுமா? ஒரே இடத்தில் நிற்கிறதா, எங்கும் நிற்கிறதா? எல்லா எஞ்சினும் ஒரே இடத்தில் தடுமாறினால் குறை தடத்தில். ஒன்று மட்டும் எங்கும் தடுமாறினால் குறை அந்த எஞ்சினில். எல்லாமே எங்கும் நின்றால் மின்வழங்கியையோ கட்டளைப் பெட்டியையோ பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலேயே தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

பெரும்பாலும் குற்றவாளி அழுக்குதான். தண்டவாளத்திலும் சக்கரத்திலும் படியும் கறுப்புப் படலம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் தீர்ந்துவிடும்.

அழுக்கில்லாமலும் தூரத்து மூலையில் வண்டி மெதுவானால்தான் பாடம் சுவையாகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அங்கும் மின்னழுத்தம் சரியாகவே காட்டும். மாணவர்கள் குழம்பிப்போவார்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே அளக்கச் சொல்லுங்கள், இப்போது குறையும். மின்னோட்டம் இல்லாதபோது மின்தடையில் அழுத்த இழப்பும் இல்லை. ஓம் விதியைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பிள்ளைக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது. (சாதாரண மல்டிமீட்டர் 50 ஹெர்ட்சுக்குச் செய்யப்பட்டது, இங்கே அலைவெண் 5,000 முதல் 8,600 வரை. ஆகவே அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.)

இன்னொரு சோதனை நாணயச் சோதனை. தண்டவாளங்களின் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு கணம் வைக்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டு, மின்வழங்கி உடனே தன்னைத்தானே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால்தான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 வோல்ட், வயரும் இணைப்புகளும் சேர்ந்து 4 ஓம் மின்தடை. பாயும் மின்னோட்டம் 3.75 ஆம்பியர். 5 ஆம்பியரில் துண்டிக்கும் கருவி இதைக் குறுக்குச்சுற்று என்றே கருதாது. 56 வாட் வெப்பம் ஏதோ ஒரு தளர்ந்த இணைப்பில் இறங்கிக்கொண்டிருக்கும்; பிளாஸ்டிக் உருகும். தடித்த வயர் போட்டு, மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுப்பது இதற்காகத்தான். இந்தச் சோதனையை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமை ஓர் எஞ்சினின் சக்கரங்களைத் துடைத்து ஓடவிட்டான். முகப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. "சார், இவன்தான் வயரை அறுத்துட்டான்" என்று நாலைந்து குரல்கள். அவன் வாயே திறக்கவில்லை. வீட்டில் எதையும் தொடாதே என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. இங்கேயும் அதையே கேட்டால் அடுத்த முறை கருவியின் பக்கமே வரமாட்டான்.

"அவன் தொட்டதற்குப் பிறகு நடந்தது சரி. அவன் தொட்டதால் நடந்ததா?" என்று கேட்டுவிட்டு, சோதனையை அவனிடமே கொடுத்தேன். வேகத்தை மாற்றாமல் ஓட்டினான். வளைவிலும் இணைப்பிலும் குலுங்கியபோதும் விளக்கு சீராக இருந்தது. வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டினான். ஒரு படியில் எரிந்தது, அடுத்த படியில் அணைந்தது. அறுந்த வயர் குலுக்கலுக்குத்தான் மினுங்கும். வேகப் படியை எண்ணிப் பார்த்து மினுங்காது.

காரணம் ஓர் எண். டீகோடரின் 29-ஆம் அமைப்பில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. அதனால் எஞ்சின் 14 வேகப் படிகளையும், கட்டளைப் பெட்டி 28 படிகளையும் பேசிக்கொண்டிருந்தன. 28 படிகளில் இடைப்பட்ட வேகத்தைக் குறிக்கும் அதே பிட், 14 படிகளில் விளக்கைக் குறிக்கிறது. முந்தைய வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதும் அந்த எஞ்சினில் எண்களை எழுதிப் பழகியிருந்தது. நோட்டில் பதிவும் இருந்தது. யார் எழுதியது என்று நான் தேடவில்லை. அவனே 6 என்று எழுதினான். விளக்கு நின்று எரிந்தது. குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தி, "அப்போ துடைச்சது தப்பில்லையா சார்?" என்று என்னிடம் கேட்டாள். அவனிடம் கேள் என்றேன்.

நம் செய்முறை வகுப்புகளைப் பற்றி ஒரு வருத்தம் எனக்குண்டு. மாணவர்கள் வருவதற்கு முன்பே நாம் தளர்ந்த முனையை இறுக்கி, செத்த மின்கலத்தை மாற்றி, விடை வரும்படி செய்துவைத்துவிடுகிறோம். நேரம் போதாது, நாற்பது பேர் இருக்கிறார்கள், தேர்வு வருகிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் பழுதைத் தேடும் வேலையை நாம் செய்து முடித்துவிட்டு, அளவீட்டை எழுதும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கிறோம்.

இதற்கு ரயில் தேவையில்லை. ஒரு மின்கலம், ஒரு சாவி, இரண்டு பல்பு, சில வயர்கள் போதும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் டார்ச் விளக்கை வைத்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும்.

பின்வரிசையில் ஐந்து பலகைகள் வைத்திருக்கிறேன். நான்கில் ஒவ்வொரு கோளாறு இருக்கிறது, ஒன்றில் எதுவும் இல்லை. எது என்று சொல்லப்போவதில்லை. பலகைக்கு நால்வராக வாருங்கள். மல்டிமீட்டர் மூன்றுதான் இருக்கிறது, பகிர்ந்துகொள்ளுங்கள்.