கொடுங்கோல் நாட்டில் ஒரு குழந்தை

கொல்லங்கோடு, சித்தூர் முதலிய எல்லைப்புற ஊர்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, புத்தகக் கடையில் வேறொரு மொழி. டில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மவர் பிள்ளைகளின் நிலையும் இதுவே. இப்பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் ஆங்கிலக் கதைகளுள் ஒருவகை பெற்றோரைக் கலங்கச் செய்கிறது. கொடிய அரசொன்றின்கீழ்ச் சிறுவர் சிறுமியர் படும் பாட்டை அவை கூறுகின்றன. சூசன் காலின்ஸ் 2008-இல் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில், 24 பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லுமாறு களத்தில் இறக்கிவிட்டு, அதனை நாடே பார்க்க வேண்டுமென அரசு கட்டளையிடுகிறது. இத்தகைய கதை பிஞ்சு உள்ளத்துக்கு ஆகுமா என்று கேட்பது இயல்பே.

மேனாட்டுப் புதுச்சரக்கென்று இதனை ஒதுக்குமுன், நம் வீட்டுப் பழங்கதை ஒன்றை நினைத்துப் பார்ப்போம். இரணியன் நாட்டில் அவன் பெயரையன்றிப் பிறிதொரு பெயரை ஓதலாகாது. பள்ளியில் ஆசிரியர் அவ்வாறே ஓதச் சொல்கிறார், பிரகலாதன் மறுக்கிறான். பெற்ற தந்தையே அவனை நெருப்பிலும் யானைக் காலிலும் இடச் செய்கிறான். இக்கதையைப் பாட்டிமார் நமக்கு மடியில் இருத்தியே சொன்னார்கள். கம்பரோ இதனை வீடணன் வாயிலாக இராவணனுக்கே எடுத்துரைக்கச் செய்தார். கொடுங்கோலன் கதையைக் கொடுங்கோலன் செவியிலேயே ஓதிய மொழி நம்முடையது.

இரணியன் தன் ஆணையைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுசென்றான் என்பதைக் கருதுக. சத்யஜித் ராய் 1980-இல் வங்காளத்தில் எடுத்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ என்னும் சிறுவர் திரைப்படமும் இதனையே காட்டுகிறது. வைரச் சுரங்கங்களுக்கு உரிய அரசன் ஒருவன் பாடசாலையை மூடுகிறான், நூல்களை எரிக்கிறான், ஆசிரியர் உதயன் மலையில் ஒளிந்து வாழ்கிறார். உழவனுக்கு ஒன்று, தொழிலாளிக்கு ஒன்று, மாணவனுக்கு ஒன்று என அரசவைக் கவிஞன் கட்டிய ஈரடிகள், ஓர் இயந்திர அறையில் மக்கள் மூளையில் ஏற்றப்படுகின்றன. அந்நாட்டில் யாவரும் எதுகை இயைபோடு பேச, ஆசிரியர் மட்டும் இயல்பான உரைநடையில் பேசுகிறார். முடிவில் அரசனே அந்த அறைக்குள் தள்ளப்படுகிறான். வெளியே வந்து, தன் சிலையைத் தானே கயிறு கட்டி இழுக்கிறான்! ஓர் ஆசிரியர் ஊருக்கு என்ன தருவார் என்பதைக் கொல்லங்கோட்டாருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மலையாள மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராக விளங்கிய ஊரன்றோ அது!

பள்ளியைப் பிடித்தவன் அடுத்துச் சொல்லைப் பிடிக்கிறான். லோயிஸ் லோரி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1993-இல் எழுதிய ‘தி கிவர்’ நாவலில், பசியும் சண்டையும் இல்லாத ஒழுங்கான ஊர் ஒன்று வருகிறது. அங்கே முதியோரையும் எடை குறைந்த குழந்தைகளையும் ‘விடுவிப்பார்கள்’. அச்சொல்லின் பொருள் ஊசி போட்டுக் கொல்வது என்பதை 12 வயதுச் சிறுவன் ஜோனஸ், தன் தந்தையே அதைச் செய்யக் கண்டு அறிகிறான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. தமிழில் ‘கொலை’ என்று எழுதினால் கதை குலையும். ‘விடுதலை’ என்று எழுதினாலோ கை கூசும். அந்தக் கூச்சத்தைத்தான் ஆசிரியை வாசகனிடம் எதிர்பார்க்கிறார். 1994-இல் நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலையும் பள்ளிகளிலிருந்து அகற்றக் கோரியவர்கள் அந்நாட்டில் உண்டு.

இவை வெறுங் கற்பனை எனவும் தள்ள முடியாது. பாலக்காட்டு மண்ணின் மைந்தரான ஓ. வி. விஜயன், ‘தர்மபுராணம்’ என்னும் கொடுங்கோல் நாட்டுக் கதையை எழுதினார். 1975 ஜூலையில் அது வார இதழில் தொடராக வருவதாயிருந்தது. ஜூன் 25-ஆம் நாள் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. தொடர் வெளிவந்தது 1977-இல், நூலானது 1985-இல். அது முதிர்ந்தோர்க்கே உரிய நூல். ஆயினும், சொல்லுக்குக் காவல் போடும் காலம் நம் வாசலுக்கும் வந்தது என்பதற்கு அதன் வரலாறே சான்று.

ஆகவே, இக்கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டுவதில்லை. உடனிருந்து படித்தல் வேண்டும். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஒரு பொருளுக்கு இரு மொழியில் பெயர் அறிந்த குழந்தை, இனிய சொல்லால் மூடிய கொடுமையை விரைவில் இனங்காணக் கூடும். ஒரு மொழியில் பழகி மழுங்கிய சொல், மற்றொரு மொழிக்கு வரும்போது தன் உண்மையான பொருளைக் காட்டிவிடுகிறது.

பிள்ளை ஆங்கிலத்தில் படித்த கதையை, இரவு உணவுக்குப் பின் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தெரியாமல் தடுக்குமிடத்தில் சொல்லை எடுத்துக் கொடுங்கள். பொருளைச் சொல்ல மனம் வராமல் தடுக்குமிடத்தில், அவசரப்படாமல், அதைப் பற்றிச் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள்.