கட்டிலருகே கட்டணமா?



கடைக்குப் போகிறவன் பேரம் பேசலாம். விலை கட்டவில்லையென்றால் வெறுங்கையோடு திரும்பலாம். நோயாளி பேரம் பேச முடியுமா? "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாரடைப்புக்குத் தவணை சொல்ல முடியுமா? முடியாது! ஆகவேதான், மருத்துவத்துக்குப் பணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள், எப்போது தருவது என்றும் கேளுங்கள் என்கிறேன். நலமாய் இருக்கும்போதே நாட்டார் எல்லோரும் சேர்ந்து தருவதா? நோயுற்றவன் கட்டிலில் கிடக்கும்போது அவன் ஒருவனே தருவதா?

இந்தக் கேள்விக்கு விடை காண முனைந்த நாடு பிரிட்டன். போர் நெருப்பு அணையாத 1942 டிசம்பரில் வெளிவந்தது பெவரிட்ஜ் அறிக்கை. வறுமை, நோய், அறியாமை, சீர்கெட்ட வாழிடம், வேலையின்மை ஆகிய ஐந்து அரக்கர்களையும் வீழ்த்தவேண்டும் என்றது அது. 1945-ல் தொழிற்கட்சி வென்றது. அட்லியின் அமைச்சரவையில் சுகாதாரப் பொறுப்பேற்றார் அனூரின் பெவன். வேல்ஸ் நாட்டு ட்ரெடிகர் ஊரில், சிறுவனாய் இருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவ்வூர்த் தொழிலாளர் தம் கூலியில் சிறு தொகை ஒதுக்கி மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தனர். நலமாய் இருப்பவன் தருவான்; நலிந்தவன் பெறுவான். சுரங்கத்து ஊர் கண்ட நெறியை நாடு முழுவதற்கும் விரித்தார் பெவன். 1946-ல் சட்டம் பிறந்தது. 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று.

எளிதிலா தொடங்கிற்று? இல்லை! 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த மருத்துவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் "வேண்டாம்" என்றனர். மருத்துவர் அரசின் சம்பள ஊழியராகிவிடுவாரே, நோயாளிக்கும் அவருக்கும் இடையே அதிகாரி வந்து நிற்பாரே என்று அஞ்சினர். ஏளனம் செய்து ஒதுக்கத்தக்க அச்சமல்ல அது. பெவன் வளைந்து கொடுத்தார். குடும்ப மருத்துவர்களைச் சம்பள ஊழியராக்குவதில்லை என்று உறுதி தந்தார். நிபுணர்கள் அரசு மருத்துவமனையிலேயே தனிக்கட்டண நோயாளிகளைக் கவனிக்கவும் இசைந்தார். ஒன்றில் மட்டும் வளையவில்லை: நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது!

அதற்கும் வந்தது சோதனை, அவருடைய கட்சியிலிருந்தே! 1951 ஏப்ரல். கொரியப் போரையொட்டி ஆயுதச் செலவு ஏறிற்று. நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல், பற்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலை கேட்டார். பெவன் பதவி துறந்தார். ஹரால்டு வில்சனும் ஜான் ஃபிரீமனும் உடன் விலகினர். இத்தனை சிறு தொகைக்கா இத்தனை பெரிய துறவு என்றனர் பலர். தொகை சிறிதுதான், தோழர்களே. அது திறந்துவிட்ட வாயிலோ பெரிது. அடுத்த ஆண்டே, கன்சர்வேடிவ் ஆட்சியில், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்றாயிற்று. 1965-ல் பிரதமர் வில்சன் அதை நீக்கினார். 1968-ல் மீண்டும் விதித்தவர் யார்? அன்று பதவி துறந்த அதே வில்சன்! பின்னர் வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் அக்கட்டணத்தை ஒழித்தன. இங்கிலாந்தில் விலக்குப் பெற்றோர் போக மற்றவர்கள் இன்றும் செலுத்துகின்றனர்.

இலவசம் என்றால் ஊதாரித்தனம் வளரும் என்பர் சிலர். அதை ஆராயவே அமைந்தது கில்லிபோ குழு. 1956-ல் அது தந்த அறிக்கை என்ன சொல்லிற்று? நாட்டு வருவாயில் இப்பணிக்குச் சென்ற பங்கு, 1949-50-ல் 3.75 விழுக்காடு, 1953-54-ல் 3.25 விழுக்காடு. வளரவில்லை, தேய்ந்திருந்தது!

குறையே இல்லையா? உண்டு. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் காத்திருப்பில் இருந்த சிகிச்சைகளின் கணக்கு 77 இலட்சத்தைக் கடந்திருந்தது. காசு கேட்காத இடத்தில் காலத்தைக் கேட்கிறார்கள்! வலியோடு காத்திருப்பதும் ஒரு விலையே. அதை மறைப்பவன் இத்திட்டத்தின் நண்பனல்லன். ஆனால் மருந்து எது? கூடுதல் மருத்துவர், கூடுதல் படுக்கை, அதற்கான வரி. கட்டிலருகே வைக்கும் உண்டியல் அன்று. உண்டியல் வைத்தால் வரிசை குறையத்தான் குறையும். வரிசையிலிருந்து விலகுவது நோயல்லவே, ஏழையல்லவா!

பிரிட்டனில் சட்டம் பிறந்த அதே 1946-ல்தான் இந்தியாவில் போர் குழு அறிக்கை தந்தது. சர் ஜோசப் போர் தலைமையேற்ற அக்குழுவில் நம் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். பணம் தர இயலாமையால் எவரும் மருத்துவம் இழக்கலாகாது என்பதே அக்குழுவின் அடிப்படை. ஏட்டில் நாமும் பிந்திவிடவில்லை.

ஆகவே, நாளை யாரேனும் வந்து, "சிறு கட்டணந்தானே" என்று சீர்திருத்தம் பேசினால், நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தச் சிறு கட்டணத்தை, நலமாய் நடமாடும் எங்கள் எல்லோரிடமும் வரியாய்க் கேட்காமல், எழ முடியாமல் கிடப்பவனிடம் போய்க் கேட்பானேன்?