பகைவரில்லாக் களம்



1959 அக்டோபர் 21இல் லடாக்கில் சீனப் படையினர் சுட்டு 10 போலீசார் உயிர் துறந்தனர். அந்நாளை ஆண்டுதோறும் நாம் போற்றுகிறோம். பகைவர் எதிர்நில்லாத இடத்திலும் கடமை உயிரைக் கேட்பதுண்டு.

ஸ்ரீநகரை அடுத்த நௌகாம் போலீஸ் நிலையத்தில், 2025 நவம்பர் 14 இரவு, கைப்பற்றிய வெடிமருந்திலிருந்து சோதனைக்கு மாதிரி எடுக்கையில் அது தற்செயலாக வெடித்தது. 9 பேர் மாண்டனர். போலீசார், தடய அறிவியலார், வருவாய்த் துறையினர் ஆகியோருடன், உதவிக்கு அழைக்கப்பெற்ற தையற்காரர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர்.

சுட்டவன் எவனுமில்லை, ஆயினும் பிறர் உயிர் காக்கும் பணியிலன்றோ அவர்கள் மறைந்தனர்? விபத்து என்னும் ஒரு சொல்லால் அவர்தம் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அக்குடும்பங்களுக்கு நம் வணக்கம் உரித்தாகுக!