ட்ராக் தனி, குரல் தனி

(பொங்கல் விழாவில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்கே கரோக்கே பாடியவர்களில் சிலர், "இதை வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா?" என்று கேட்டார்களாம். செயலாளர் என்னைக் கோர்த்துவிட்டார். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். செய்த தப்புகளை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் என் அம்மா பாடியதைப் பதிவு செய்தேன். லேப்டாப் ஸ்பீக்கரில் ட்ராக்கை ஓடவிட்டு, அதிலேயே இருக்கும் மைக்கில் பாடச் சொன்னேன். தலைக்கு மேல் ஃபேன் வேறு. அம்மா இப்போது இல்லை. அந்தப் பதிவில் இசை சத்தமாகவும் அம்மா சன்னமாகவும் கேட்கிறார்கள். இசையைக் குறைத்தால் அம்மாவும் குறைந்துபோகிறார். குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளையும் போட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல வந்தது.

ட்ராக் உங்கள் காதில் மட்டும் கேட்க வேண்டும், மைக்கில் குரல் மட்டும் விழ வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஹெட்போன் போதும். ஆனால் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாகக் காதுக்கு வரும். தாளம் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவார்கள்.

ஆடாசிட்டி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ட்ராக்கைத் திறந்து, ஷிஃப்டையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ட்ராக் ஓடும்போதே குரல் கீழே தனி வரிசையில் பதிவாகும். கேட்டுப் பார்க்கும்போது குரல் துளி பின்தங்கியிருந்தால், பாடியவரைத் திட்டாதீர்கள். அது கம்ப்யூட்டரின் தாமதமாகவும் இருக்கலாம். குரல் துண்டை மவுஸால் இடப்பக்கம் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும்.

மைக் வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் 'டொப்' என்று அடிக்கும். உச்சஸ்தாயி வரியை முதலில் ஒருமுறை பாடிப் பாருங்கள். அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் மைக்கைக் குறைத்து வையுங்கள். சிவப்பைத் தொட்டுக் குரல் உடைந்துவிட்டால் பிறகு ஒட்டுவது கஷ்டம்.

டைல்ஸ் போட்ட ஹால் வேண்டாம், எதிரொலிக்கும். படுக்கையறையில் துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடி நின்று பாடுங்கள். பட்டுப்புடவைகள் நல்ல ரசிகர்கள், எதிரொலி கொடுக்க மாட்டார்கள். ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். எங்கள் பிளாக்கில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் மோட்டார் ஓடாத நேரம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெட்போன் போட்டால் அக்கம்பக்கத்துக்கு இசை கேட்காது, உங்கள் குரல் மட்டும் கேட்கும். நான் முதல்நாள் பாடியபோது கீழ்வீட்டு மாமி மேலே வந்து, "உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம்.

எம்பி3 ஆக்கிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். குரலை மட்டும் தனியாக வேவ் கோப்பாக ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

வரும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நூலக அறையில் லேப்டாப்போடு இருப்பேன். புத்தக அலமாரிகள் இருப்பதால் அங்கே எதிரொலி குறைவு. வீட்டில் பாடுகிற பெரியவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஃபேனை நான் நிறுத்திவைக்கிறேன்.