கண்கட்டிதானே என்று விட்டுவிடாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கடன் வாங்கி மாடு வாங்கினோம், கடை வச்சோம் என்று முன்னால் பேசியவங்க சொன்னாங்க. எங்க வீட்டில் குழுக் கடன் ஒரு கண்ணைக் காப்பாத்த உதவியது. அதைச் சொல்ல வந்தேன்.

என் மாமியாருக்கு 62 வயசு. வலது மேல் இமையில் கண்கட்டி மாதிரி வந்தது. நாமக்கட்டி உரைச்சுப் போட்டாங்க, களிம்பும் போட்டாங்க. அமுங்கும், அதே இடத்தில் திரும்ப வரும். வலியே இல்லை. மூணாவது தடவை அந்த இடத்தில் இமை முடி கொட்டிப்போச்சு. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. நம்ம இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கு. கண்ணீர் சீக்கிரம் காயாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அந்தச் சுரப்பியில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

"வயசான கண்ணுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று சொந்தக்காரங்களே கேட்டாங்க. டாக்டரம்மா சொன்னது வேற. விட்டால் காது ஓரம், கழுத்து நெறிக்கட்டி வரைக்கும் பரவும். வெட்டி எடுத்துட்டு அப்படியே விடவும் முடியாது. மூட இமை இல்லாவிட்டால் கருவிழி காய்ஞ்சு புண்ணாகிப் பார்வை போயிடும்.

கட்டியைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தாங்க. ஓரத்தில் நோய் மிச்சம் இல்லை என்று பரிசோதித்த பிறகுதான் இமை கட்டினாங்க. கொஞ்சமாகப் போயிருந்தால் இழுத்துத் தைச்சாலே போதுமாம். அத்தைக்குப் பாதிக்கு மேல் போச்சு. அதனால கீழ் இமையிலிருந்து சதையை மேலே கொண்டுவந்து ஒட்டினாங்க. அது ரத்த ஓட்டம் பிடிக்கும் வரைக்கும் ஆறு வாரம் கண் மூடியே இருந்தது. "திறந்தா தெரியுமா புள்ள?" என்று தினமும் கேட்பாங்க. இரண்டாவது ஆபரேஷனில் அதைப் பிரிச்சுவிட்டாங்க. தெரிஞ்சது! புது இமையில் முடி கிடையாது, கொஞ்சம் தடிப்பாகவும் இருக்கு. ஆனால் கண் மூடுது, திறக்குது. திரும்ப வராமல் இருக்கணுமே என்று இன்னும் செக்கப்புக்குப் போறோம்.

ஆபரேஷன் செலவு காப்பீட்டு அட்டையில் போச்சு. பஸ், சாப்பாடு, போன கூலி இதுக்கெல்லாம் அட்டை உதவாது. குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். அந்த வாரக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. நாங்க ஊரில் இல்லாத நாளில் ஆட்டைப் பார்த்துக்கிட்டதும் குழு அக்காக்கள்தான். பத்து மாசத்தில் கடனை அடைச்சுட்டேன்.

சகோதரிகளே, கண்கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை, பயப்படாதீங்க. ஆனால் வயசானவங்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, இமை முடி கொட்டினாலோ, ஆறாத புண் இருந்தாலோ கண் டாக்டரிடம் காட்டுங்க. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும், உங்க வீட்டுப் பெரியவங்க கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்க.