கணைக்கால் நோவும் நம் கடமையும்

(ஆண்டு விழா ஒத்திகைத் தொடக்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா நெருங்கினால் மும்பையில் வாழும் நம் இல்லங்களில் சலங்கை ஒலி மிகுகிறது. வாரத்திற்கு இருநாள் ஆடிய சிறுமியர் நாள்தோறும் ஆடுகின்றனர். மற்றொருபுறம், ஜனவரித் திங்களில் நிகழும் மும்பை மாரத்தானை எண்ணி, நாற்காலியிலேயே அமர்ந்து பழகிய நம்மவரும் மரைன் டிரைவில் ஓடத் தொடங்குகின்றனர். இருசாராரையும் அழையாமலே வந்தடையும் விருந்தினர் ஒருவர் உண்டு. அவரே கணைக்கால் நோவு.

சென்ற ஆண்டு ஒத்திகையை நாம் மொட்டைமாடியின் சிமெண்டுத் தளத்தில் நடத்தினோம். குழு நடனத்தில் தன் இடம் பறிபோகுமோ என்றஞ்சி, ஒரு சிறுமி மூன்று வாரம் வலியை மறைத்தாள். விழாவிற்கு நான்கு நாள் முன்னர்ப் படியேறவும் இயலாதவளானாள். எலும்பில் நுண்ணிய முறிவு என்றார் மருத்துவர். குற்றம் அவளுடையதன்று, ஒருநாளேனும் வினவாதிருந்த நம்முடையது.

இந்நோவு தோன்றுவது எவ்வாறு? முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே, முன்புறம் கைக்குத் தட்டுப்படும் எலும்பைத் தடவிப் பாருங்கள். அதன் உள்விளிம்பின் கீழ்ப்பகுதியிலேயே பெரும்பாலும் வலி எழுகிறது. காலடி தரையில் மோதுந்தோறும் அவ்வெலும்பு சிறிதளவு வளைகிறது. அதனைப் போர்த்திய சவ்வைத் தசைகள் இழுக்கின்றன. எலும்பு உயிருள்ள பொருள். பாரம் கூடினால், நலிந்த பகுதியை முதலில் அரித்தெடுத்துப் பின்னரே புதிதாகக் கட்டுகிறது. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும்; கட்டுவதற்கோ சில திங்கள் வேண்டும். அவ்விடைக்காலத்தில் பயிற்சியைத் திடீரென இருமடங்காக்குவதே கேட்டிற்கு முதற்காரணம்.

ஆதலின், ஒத்திகையை மூன்று திங்கள் முன்னரே தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். இடையிடையே ஓய்வுநாளும் வேண்டும். சிமெண்டுத் தளத்தில் தட்டடவு வேண்டா, மரத்தளம் நன்று. அரைமண்டியில் பாதத்தை மட்டும் திருகாது, இடுப்பிலிருந்தே தொடையைத் திருப்புதல் முறை. ஓடுவோர் தேய்ந்த காலணியை மாற்றுதல் வேண்டும். சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலை வலுவாக்கும். தட்டைப் பாதம் உடையோரும், முன்னர் இந்நோவு கண்டோரும் மிக்க கவனம் கொள்க. மெலிய விரும்பி உணவைக் குறைக்கும் பெண்களின் எலும்பு எளிதில் நலியும். மாதவிலக்குத் தவறினால் தாய்மார்கள் மருத்துவரிடம் கூறத் தயங்கலாகாது.

நோவு வந்தபின் செய்வதென்ன? ஓட்டத்தையும் ஆட்டத்தையும் நிறுத்துக. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வலி தணியும். வலி எழாதவரை நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம். சிறுமியர் அமர்ந்தபடியே அபிநயம் பயிலலாம். நடந்தாலும் அழுத்தினாலும் வலியில்லை என்றான பின், முன்னினும் பாதியளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுக. வலியடக்கும் மாத்திரையை விழுங்கி மேடையேறுதல் ஆகாது.

ஒன்றை மறவாதீர்கள். வலி விளிம்பு நெடுகப் பரவியிருப்பின் பெரும்பாலும் ஓய்விலேயே தணியும். விரல்நுனி அளவான ஓரிடத்தில் மட்டும் கடுமையாக வலித்தாலோ, இரவிலும் நீடித்தாலோ முறிவை ஐயுற்று மருத்துவரை நாடுக. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது புலப்படாமற் போகலாம்; எம்.ஆர்.ஐ. படம் காட்டும். ஓடுகையில் பாதம் மரத்துப்போவதும் மருத்துவர் காண வேண்டிய குறியே.

இவ்வாண்டு முதல் ஒத்திகை தொடங்குமுன் ஒவ்வொரு குழந்தையையும், "கால் வலிக்கிறதா, அம்மா?" என்று கேட்போம். வலிக்கிறது என்பவளின் இடத்தை, அவள் தேறி வரும்வரை காத்து வைப்போம். அவ்வுறுதியை நாம் அளித்தாலன்றி எந்தக் குழந்தையும் உண்மை உரையாள். சென்ற ஆண்டு ஆடாதிருந்த அச்சிறுமி நலம் பெற்று, இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். இவ்வாண்டு அவள் ஆடுவாள்.