ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

(டிசம்பர் 22, தேசியக் கணித நாளன்று நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிள்ளைகள் முன்வரிசைக்கு வாருங்கள். ஒரு தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். பெரியவர்கள் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளலாம்.

நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறோம். ஒரு நாளை எட்டு எட்டு மணி நேரமாகப் பிரித்தால் மூன்று ஷிஃப்ட். பன்னிரண்டாகப் பிரித்தால் இரண்டு. மிச்சம் விழுவதில்லை. ஏனென்றால் 24 பங்கு போடத் தோதான எண். அதை மீதியின்றி வகுக்கும் காரணிகள் 8. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 60-ம் அப்படித்தான், அதற்கு 12 காரணிகள். பெரிய எண்ணான 100-க்கோ 9 தான்!

இப்படித் தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்டதை உயர் பகு எண் என்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து 1914-ல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமானுஜன், 1915-ல் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-ல் அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். அக்கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்:

67,46,32,83,88,800.

ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29-ல்தான் முதல்முறை இடறும். இதன் காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒரு காரணியில் 2 இல்லாமலும் இருக்கலாம், ஆறு முறை வரையும் இருக்கலாம். ஆக 7 வழி. மற்றவற்றுக்கும் இப்படியே ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10,080.

இப்போது அந்தப் பெரிய எண்ணை 23-ஆல் வகுங்கள். 2,93,31,86,25,600 வரும். இதற்கு 5,040 காரணிகள். இதுவும் உயர் பகு எண்தான். ஆனால் ராமானுஜன் பட்டியலில் இது இல்லை. விடுபட்டுவிட்டது.

அவரைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. 98 மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையிடம், "மீதி ரெண்டு எங்கே?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். நாலு தடவை அப்படிக் கேட்டால், "எனக்குக் கணக்கு வராது" என்று அது முடிவு கட்டிவிடும். கையால் கணக்குப் போட்ட காலத்தில் 102 எண்களைச் சரியாகக் கண்ட ராமானுஜனுக்கே ஒன்று தப்பியது. அதனால் அவர் பெருமை குறையவில்லை. பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தார்கள், சேர்த்தார்கள். பட்டியல் 103 ஆயிற்று. நம் சங்கக் கணக்கையும் ஒருவர் எழுத, இன்னொருவர் தணிக்கை செய்கிறாரே, அதுபோலத்தான்.

பிள்ளைகளே, இன்று இரவு 360-க்கு எத்தனை காரணிகள் என்று கண்டுபிடியுங்கள். அப்பா அம்மாவும் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். விடை மாறினால் யாரும் யாரையும் திட்ட வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து எங்கே விட்டது என்று தேடுங்கள். ஒரு துப்பு: இந்தப் பேச்சில் நான் முதலில் பங்கு போட்ட எண்தான் விடை.